திலகம் அக்காவின் நாற்காலி

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபை கூடுவது பழைய கள்ளுக்கடையில். மழை பெய்தால் சுவர்கள் இன்னும் புளித்த வாடை அடிக்கும். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் முன்வரிசையில் கண்ணை மூடி அதைச் சகித்துக்கொள்வார்கள்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி வர முடியாவிட்டால் அவருடைய நாற்காலி வரும். அதைச் சுற்றி நின்று, கைவைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தது திலகம் அக்காவின் நாற்காலி. அக்கா கிள்ளான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். இன்றைக்குள் இறங்காவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க விடுவது சாயங்காலம்தான். அதுவரை அம்மாவுக்கு இந்த நாற்காலிதான் மகள்.

நான் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்தபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. எங்கள் வீட்டு நாற்காலிதானே என்று அதில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

"எழும்பாதே, சேது," என்றார் போதகர் தங்கராஜு. "உக்காந்துட்டே. அக்காவுக்குப் பதிலா இரு."

"சும்மா உக்காந்தேன் லா, ஐயா."

"சும்மாவே இரு."

என் தலையிலும் தோளிலும் கைகள் விழுந்தன. ஜெபம் கிளம்பியது. நான் மரியாதைக்கு உதட்டை மட்டும் அசைத்தேன்.

முதலில் முதுகு சுட்டது. தகரக் கூரை, அதுதான் என்று நினைத்தேன். பிறகு கழுத்து, காது, கண்ணுக்குள். வியர்வை வரவில்லை. பற்கள் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

போதகர் கையை உயர்த்தினார். சத்தம் சட்டென்று நின்றது. நாற்காலி மட்டும் நிற்கவில்லை. ஒரு கால் குட்டையான நாற்காலி அது. டக், டக் என்று தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் ஆட்டவில்லை.

"யாரோ ஒருத்தர் நம்மளோட சேரல," என்றார் போதகர்.

"யாரோ என்ன யாரோ?" இராஜம்மா அத்தை என் தலையிலிருந்த கையை எடுக்காமலேயே சொன்னார். "இவன்தான். சூயிங்கம் மெல்லுற மாதிரி மெல்லுறான்."

அம்மா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"கர்த்தாவே," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவள விட்டுரும். எங்களுக்கு அவ வேணும்."

அதற்கு மேல் எந்தக் குரல் என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. கள்ளுக்கடை முழுவதும் ஒரே தொண்டையாகிவிட்டது. காது, கழுத்து, முதுகு என்று சூடு வந்த வழியே இறங்கி, குட்டைக் கால் வழியாகத் தரைக்குள் போனது. நாற்காலி நின்றது.

"ஆமென்."

எல்லோரும் கையை எடுத்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பினார்கள். ஒரு கை மட்டும் என் தோளிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. கை மெல்ல மேலே ஏறி, என் இடது காதை ஒரு திருகு திருகிவிட்டுப் போனது.

நான் வீட்டில் இருக்கும்போது தினமும் காலையில் அக்கா என்னை எழுப்புவது அப்படித்தான்.

விடைபெறத்தான் வந்தாளோ? கிள்ளான் பஸ்ஸில் அம்மா பக்கத்தில் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானமே காய்ச்சல் இறங்கிவிட்டதாம். அம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"தோளெல்லாம் கடுக்குதும்மா," என்று அக்கா முனகினாள். "ஒரு கூட்டமே ஏறி அமுக்கின மாதிரி."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்கென்னடா, ஒரு காது மட்டும் இப்படிச் செவந்திருக்கு?"