நிரந்தரமாக மூடப்பட்டது

சனிக்கிழமை காலையில் இன்னொரு கண்ணாடிக் கடைக்காரன் ஆ-குன் லாரியோடு வந்து எங்கள் கடைச் சரக்கை மொத்தமாக வாங்கி ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. கார் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, ஒட்டுகிற பசை, ஒன்று விடாமல். அதற்கப்புறம் என் புருஷன் தியென்ஃபு தைச்சுங் நகரத்துக்குப் போய் பஸ் ஓட்டப் போகிறானாம். எங்கள் யுவான்லின் சந்தைத் தெருவில் வேன் ஓட்டவே பத்து தடவை ஹாரன் அடிக்கிற ஆள். அந்தப் பயணிகளை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொல்வானேன், பயணிகளை நினைத்து இல்லை. கண்ணாடியை விட்டுவிட்டால் இந்த மனுஷன் உள்ளுக்குள் ஒடிந்துபோவான் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் அந்த குருவால் வந்த வினை. போன வருஷம் ஒரு கட்டு முன்கண்ணாடி சரிந்து நொறுங்கியது. அதே வாரம் தியென்ஃபு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். உடனே திசை பார்க்கிற குருவைக் கூட்டி வந்தான். அவர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் நடந்துவிட்டு, "தெருக்குத்து" என்றார். சந்தைத் தெரு நேராக வந்து எங்கள் வாசலில்தான் முட்டுகிறது. முன்வாசலை மூடு, வாய்க்கால் பக்கத்துச் சந்தில் கதவு வை என்றார். நான் சொன்னால் ஒரு மாதம் யோசிப்பவன், அவர் சொன்ன அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட்டான்.

இறக்கின ஷட்டரில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டி, "வாசல் பக்கத்துச் சந்தில்" என்று தூரிகையால் எழுதினான். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓரிரு மாதத்தில் வியாபாரம் தேய ஆரம்பித்தது. எங்களிடம் சரக்கு எடுக்கிற ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் பண்ணுவதை நிறுத்தினார்கள். குருவைக் கேட்டால், அதிர்ஷ்டத்துக்குப் புதுக் கதவு பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். நாங்களும் நிலத்தெய்வத்துக்குப் பழமும் ஊதுவத்தியும் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதிர்ஷ்டம் வரவில்லை, ஆ-குன்தான் வந்தான். அவனும் தியென்ஃபுவும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். நல்ல விலைதான் கேட்டான், குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை என் தங்கை பீயூன் தைபேயிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள். வழியில் லாரி தெறித்த கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. வண்டியை இழுத்து வருகிறவனுக்கு இடத்தை அனுப்பலாம் என்று போனில் வரைபடத்தைத் திறந்து எங்கள் கடைப் பெயரைத் தேடியிருக்கிறாள். தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். 

"அக்கா, அத்தானுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவனுக்கென்ன கேடு? பாவான் கொழுக்கட்டை தின்னுக்கிட்டு இருக்கான்."

"உயிரோடதான இருக்காரு?"

"ரெண்டாவது கிண்ணம் போயிக்கிட்டிருக்கு. செத்தவன் இப்படியா சாப்பிடுவான்? என்னடி கேள்வி இது?"

வந்து இறங்கியதும் போனை என் கையில் கொடுத்தாள். எங்கள் கடைப் பெயர். கீழே சிவப்பு எழுத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது". மேலே யாரோ எடுத்துப் போட்ட படம்: இறங்கிய ஷட்டர், நடுவில் ஒரு தாள். வெள்ளைத் தாள்.

எழுந்து முன்பக்கம் ஓடினேன். பல மாதமாக அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. மேற்கு வெயிலில் சிவப்பெல்லாம் வெளுத்து, மழையில் மை கரைந்து, ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் பளிச்சென்று வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது அந்தத் தாள். இந்த ஊரில் மூடின கதவில் வெள்ளைத் தாள் என்றால் ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். துக்க வீட்டுக்குப் போன் போட்டு, கண்ணாடி இருக்கிறதா என்று எவன் கேட்பான்? தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது தியென்ஃபு போனைக் கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது. கை சுத்தமான மனிதர். அமிதாப புத்தரே. ஐந்து நட்சத்திரம்."

"கண்ணாடி மாட்டியபின் சீட்டில் கிடந்த தூளைத் தன் கையாலேயே பெருக்கிக் கொடுப்பார். போகிற வழி நல்லதாக இருக்கட்டும். ஐந்து நட்சத்திரம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாரு ஆ-கிம், உயிரோட இருக்கறப்ப ஒருத்தன்கூட இதை எங்கிட்ட சொல்லல."

அடுத்ததைப் படித்ததும் முகம் மாறியது. "விலை கொஞ்சம் அதிகம்தான். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது. நான்கு நட்சத்திரம்."

"எவன்டா அவன்? நான் போனப்புறமும் பேரம் பேசறான்!"

பீயூன் தைபேயில் ஒரு பேக்கரியின் இணைய வேலைகளைப் பார்க்கிறவள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கள் கடை வெறுமனே "கண்ணாடிக் கடை" என்று பதிவாகியிருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி தேடுகிறவர்களுக்குத்தான் நாங்கள் அகப்படுவோம். அதைக் கார் கண்ணாடி மொத்த விற்பனை என்று மாற்றினாள். வரைபடத்தில் குறியைச் சந்துப் பக்கம் நகர்த்தினாள். எந்தெந்த வண்டிக்குக் கண்ணாடி கையிருப்பு, எத்தனை மணிக்குத் திறப்பது, எல்லாவற்றையும் என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். புதுக் கதவை நாலு கோணத்தில் படம் எடுத்தாள்.

"இதெல்லாம் எதுக்கு? ஆ-குன்னுக்கு வாக்கு கொடுத்தாச்சு," என்றான் தியென்ஃபு.

"ஒரே ஒரு ஒர்க்‌ஷாப்காரன் போன் பண்ணினா?" என்றேன்.

அவன் போனைப் பார்த்தான். "சனிக்கிழமைக்குள்ள ஒருத்தன் கூப்பிடட்டும். அப்ப பாக்கலாம்."

ஆனால் மூடிய கடையைத் திறந்ததாகக் காட்ட வரைபடக் கம்பெனிக்காரர்கள் ஒரு வீடியோ கேட்டார்கள். தெருவிலிருந்து ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, அதன் கீழே உள்ள பூட்டை உரிமையாளரே திறக்க வேண்டும். நடுவில் நிறுத்தாமல். எங்கள் பெயர்ப்பலகை முன்வாசல் மேலே இருந்தது.

"அந்தக் கதவை நான் தொறக்க மாட்டேன்," என்றான்.

"அத்தான், ஒரு நிமிஷம் போதும்."

"தெருக்குத்துக்கு ஒரு நிமிஷம் போதும்."

எனக்கு வந்ததே கோபம்! "யோவ், ஊரே உன்னைப் பொணம்னு நெனச்சு நட்சத்திரம் போட்டுக்கிட்டிருக்கு. தெருக்குத்து இதுக்கு மேல என்னய்யா பண்ணிடும்?"

 அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, உதைத்து, ஷட்டரைத் தூக்கினான். சந்தைத் தெரு முழுவதும் கண்ணெதிரே நீண்டு கிடந்தது. அதிலிருந்து எதுவும் பாய்ந்து வரவில்லை, ஒரு தள்ளுவண்டிக்காரி கொய்யாப்பழம் வேண்டுமா என்று கேட்டாள். பீயூன் படம் பிடித்து முடித்ததும் நான் அந்த வெள்ளைத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. பரிசீலனையில் இருக்கிறதாம். போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஆ-குன் வந்துவிட்டான். வாய் நிறைய பாக்கை மென்றபடி லாரியின் பின்கதவை இறக்கினான். அவனும் தியென்ஃபுவும் ஒரு வேன் முன்கண்ணாடியை ஆளுக்கொரு முனையில் தூக்கினார்கள். சந்தில் பாதி தூரம் போயிருப்பார்கள், கடைப் போன் அடித்தது. தியென்ஃபுவின் கை காலியில்லை. நான் ஓடிப் போய் எடுத்து, ஒலியைக் கூட்டி, அவன் காதருகே பிடித்தேன்.

"வணக்கங்க. தியான்சோங் ஊர் ஒர்க்‌ஷாப்லேர்ந்து பேசறேன். கடை தொறந்துட்டதா இன்னிக்கு மேப்புல காமிக்குது. நீங்க அவரோட பையனுங்களா? பெரியவர் காரியத்துக்கு வர முடியல, மனசுல வெச்சுக்காதீங்க."

சாவைப் பற்றி வாயாலேகூடச் சொல்ல அஞ்சுகிறவன் என் புருஷன். ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னான்: "செத்தவன்தான் பேசறேன். என்ன வண்டிக்கு வேணும், சொல்லுங்க."

 அந்தப் பக்கம் ஒரே கத்தல். "அடப்பாவி மனுஷா! உனக்காக நான் ஊதுவத்தி கொளுத்தினேன்யா! வேற கடையில வாங்கி வாங்கி ஒண்ணுகூடச் சரியா உக்கார மாட்டேங்குது. ரெண்டு பின்கண்ணாடி வேணும், திங்கக்கிழமை கொண்டு வந்துடு."

ஆ-குன் முகம் சிவந்தது. அந்த வேறு கடை யாருடையது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"திருப்பு," என்றான் தியென்ஃபு.

"வாக்கு கொடுத்தியே?"

"கொடுத்தேன். இப்ப திரும்பக் கேக்கறேன். உள்ள நட, ஆ-குன்."

ஆ-குன் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றான். கீழே போடவும் முடியாது, தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. பாக்கை வாய்க்கால் பக்கம் துப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்டா. உன் சரக்கை என் கடையில அடுக்கிட்டு தினமும் அது மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு. பாத்துத் திரும்பு, சுவத்துல இடிக்கப் போகுது."

இருவரும் அந்தக் குறுகிய சந்தில் அடிமேல் அடி வைத்துத் திரும்பி, கண்ணாடியைக் கடைக்குள் கொண்டுபோய் அதன் பழைய இடத்தில் சாய்த்து வைத்தார்கள். நான் அங்கேயே ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பீயூன் பார்க்கிறாளே என்றுகூட யோசிக்காமல், வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது.