மனப்பாடமான சாலை

1
ஒளிப்பானேன், இந்தக் கதை எனக்கு ஒற்றைக் கேள்வியாகத்தான் வந்தது. "அந்தக் கம்புல என்ன நிறம், சொல்லு பாப்போம்?" என்றது ஒரு பெண் குரல். பதில் சொல்ல வேண்டியவர் பனிமலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பின் எழுதாமல் இருக்க முடியுமா?

முறைப்படி மலையிலிருந்து தொடங்கினேன்: வெண்பட்டு போர்த்திய சிகரங்களினூடே அந்தச் சாலை ஒரு

ஒரு என்ன? ஆறு மாதம் வாசலில் பனியை வாரிக் கொட்டுகிறவர்கள் அதைப் பட்டு என்பார்களா? விட்டுவிட்டேன்.

2
குரல் சிக்னேயுடையது. வயது எழுபத்தொன்று, கணவர் ஹால்வாருக்கு எழுபத்தெட்டு. தெலமார்க் என்ற பனிப்பிரதேசத்தில் மலைமேல் வீடு. அண்டை வீட்டுக்கே நான்கு கிலோமீட்டர். திங்கட்கிழமை ஹால்வார் டாக்டரிடம் கண்ணைக் காட்ட வேண்டும். கண் தேறாவிட்டால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் மலைவீடும் போகும். சிக்னேயிடமும் லைசென்ஸ் உண்டு, ஆனால் பனியில் ஓட்டி இருபது வருடம்.

ஞாயிறு மதியம் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று ஹால்வார்தான் கூப்பிட்டார். தான் ஓட்டுவதைப் பார்த்து சிக்னே என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

(இந்த ஹால்வாரை நம்பலாமா? இவ்வளவு நல்லபிள்ளையாகப் பேசும் கணவர்களை நான் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன்.)

3
அருமையாகத்தான் ஓட்டினார். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்தது, மேட்டுக்கு முன்பே கியர் மாறியது. உறைந்த அருவி ஒன்று பாறையில் நீலமாகத் தொங்கியது. (சரி, இயற்கைக்கு ஒரு வரி.) சிக்னே ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக நீட்டினார்.

பனி மூடினால் சாலையின் விளிம்பு தெரியாது என்று ஓரமெல்லாம் கம்பு நட்டிருப்பார்கள். முப்பது வருடம், ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் அவற்றை நட்டு, உச்சியில் சிவப்புப் பட்டை ஒட்டியவர் ஹால்வார். ஆகவே சிக்னே அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சிவப்பு. வேறென்ன? ஒட்டுனதே நான்தான."

"இந்த வருஷம் வேற ஆள் நட்டான், ஹால்வார். மஞ்சள்."

எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடத்தில் கார் நின்றது.

"அப்ப நீ ரோட்டப் பாத்து ஓட்டல. மனப்பாடமா ஒப்பிச்சிருக்க."

"ஒரு வளைவாவது தப்புச்சா?"

"குறுக்க மான் வந்தா? அதையும் மனப்பாடம் பண்ணிவச்சிருக்கியா?"

4
முடிவு அ: டாக்டரிடம் சிக்னே வாயைத் திறப்பதில்லை. எழுதியும் விட்டேன். சிக்னே ஒத்துக்கொள்ளவில்லை.*

முடிவு ஆ: நகரத்தில் மகள் வீட்டு மூன்றாம் மாடி. ஹால்வார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகும் பேருந்துகளை

வேண்டாம்.

* 'என் பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை' என்று பீற்றிக்கொள்ளும் எழுத்தாளர்களைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

5
எனக்குக் கேட்டது இவ்வளவுதான். சிக்னே இறங்கி, காரைச் சுற்றி வந்து, ஹால்வார் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கு. நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து ஒப்பிச்சுக்கிட்டே வா."

"நீ பனியில ஓட்டி இருபது வருஷமாச்சு."

"எனக்குக் கண்ணு இருக்கு. உனக்கு ரோடு தெரியும். ரெண்டும் ஒரே வண்டியிலதான இருக்கு?"

கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருடத்தில் ஹால்வார் ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. இறங்கினாரா? என்னைக் கேட்காதீர்கள், அவரை இறங்கச் சொல்லி நான் அலுத்துவிட்டேன். நீங்கள் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம்: கதவு திறந்தே இருக்கிறது, அவர் மடியில் பனி விழுகிறது, சிக்னே கையுறைகூடப் போடாமல் நிற்கிறார்.