கூஅ போட்டவன் குடித்த காப்பி

எங்க ஊர்ல முழங்கைக்கு கூஅன்னு பேர். மலைப்பாதை திடீர்னு மடங்குற இடத்துக்கும் கூஅதான். ஹைதம் கடையில விக்கிற குழாய் மூட்டு, அதுவும் கூஅ. ஆட்சி கவிழ்ந்த மறுநாள் காலையில, பழைய கொடி வரைஞ்சிருந்த கடை ஷட்டருக்கு அதே ஹைதம் புதுக் கொடியோட பச்சை பெயிண்ட் அடிச்சான் பாருங்க, அதுக்கும் இப்ப டமாஸ்கஸ் முழுக்க அந்தப் பேர்தான். "ஹைதம் கூஅ போட்டுட்டான்"னு தெருவே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல.

என் தம்பி நவ்ரஸ் மினிபஸ் ஓட்டினவன். ஊருக்கு ஏறுற வழியில அந்த வளைவுலதான் ராணுவம் சோதனைச்சாவடி போட்டிருந்தது. எப்பேர்ப்பட்ட டிரைவரும் அங்க வேகத்தைக் குறைச்சே ஆகணும். அன்னிக்கு ஹைதம் சிப்பாய்ங்களோட நின்னு டீ குடிச்சிட்டு இருந்தான். நான் நவ்ரஸுக்குப் பின் சீட்டுல இருந்தேன். டீ கிளாஸைக்கூட கீழ வைக்காம, பக்கத்துல நின்ன அதிகாரியை முழங்கையால ஒரு இடி இடிச்சான். நவ்ரஸையும் இன்னும் அஞ்சு ஆம்பளைங்களையும் இறக்கினாங்க. பொம்பளைங்களை நடந்து போகச் சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் எந்தச் சிறை வாசல்ல நான் நிக்கல? ஆட்சி கவிழ்ந்து கதவெல்லாம் திறந்தப்ப வெளிய வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவன் இல்ல. எலும்பாவது கிடைச்சாப் போதும், புதைச்ச இடத்துல உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டு அழணும்னு ஆயிடுச்சு.

ஹைதமுக்கு இப்ப உயிர்ப்பயம். கடைப்பக்கம் ஒரு ஆள் போறதில்ல. அதனால ஊர்ப் பெரியவர் அபூ தாமிரைப் பிடிச்சு, சமாதானம் பேச எங்க வீட்டுக்கு வர்றதா சொல்லி அனுப்பினான். அப்படி வர்றவங்க முன்னாடி காப்பியை வைப்போம். 'குடிங்க, கேட்டது கிடைச்சுது'ன்னு வீட்டுக்காரங்க சொல்ற வரைக்கும் தொடமாட்டாங்க. குடிச்சுட்டா, அந்த வீடு அப்புறம் தப்பு செஞ்சவனைத் தொடக்கூடாது, புகார் சொல்லவும் கூடாது.

"பெரியவங்க வர்றாங்க. நீ வாயைத் திறக்காத"ன்னார் எங்க குடும்பத்துல மூத்தவர், பெரியப்பா மகன் ஃபவாஸ்.

"காப்பி போடறது நான், தம்பியைப் பறிகொடுத்தது நான். வாயை மட்டும் உங்ககிட்ட குடுத்துரணுமா?"

மதியத் தொழுகை முடிஞ்சு வந்தாங்க. திரைக்குப் பின்னால உள்ளறையில அஞ்சு பொம்பளைங்களை உட்கார வெச்சிருந்தேன். காப்பி ஊத்தினேன். ஒருத்தரும் தொடல.

"நடந்தது நடந்து போச்சு மவளே"ன்னு அபூ தாமிர் ஆரம்பிச்சார். "பயத்துல செஞ்சுட்டான். நீ மன்னிச்சாத்தான் இந்தக் காப்பி எங்க தொண்டையில இறங்கும்."

"ஆறட்டும். அடுப்புல கேஸ் இருக்கு, மறுபடி சூடு பண்ணலாம்."

ஃபவாஸ் இருமினார். ஹைதம் குழைஞ்சான். "அக்கா, உள்ளுக்குள்ள நான் எப்பவும் உங்க பக்கம்தான்க்கா."

"அடேயப்பா. வெளிய வர இத்தனை வருஷம் வழி தெரியலையாக்கும்."

ஒரு பெரியவர் மீசைக்குள்ள சிரிப்பை அடக்கினார்.

"என் தம்பி எங்க? அதைச் சொல்லு, மன்னிக்கிறேன்"னேன்.

அவன் தரையைப் பார்த்தான். "முதல்ல குடிக்கச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

அப்ப அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரியும். என் வீட்டுக் குழாய்க்கு வாஷர் வித்துட்டு, "தம்பி பத்தித் தகவல் உண்டாக்கா"ன்னு கேட்டானே பாவி. முன்னால இருந்த காப்பியை அவன் மூஞ்சியில ஊத்தக் கை பரபரத்துது. ஃபவாஸ் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வேண்டாம்னு தலையாட்டினார்.

"குடி. கேட்டது கிடைச்சுது. என் தம்பி ரத்தத்தை விட்டுக் கொடுத்தேன். இந்த வீடு உன்னைத் தொடாது"ன்னேன்.

"சாட்சி"ன்னாங்க பெரியவங்க. ஹைதம் ஒரே மடக்குல குடிச்சான்.

குடிச்சதும் நாக்கு அவிழ்ந்துடுச்சு. இனி ஒண்ணும் ஆகாதுங்கிற தைரியம். "எங்கயும் கொண்டு போகலக்கா. அந்த வளைவுக்குக் கீழ, தடுப்புச் சுவரை ஒட்டின பழைய கல்குழிதான். குழியை மூட மண்வெட்டி கேட்டாங்க, கடையிலிருந்து கொண்டு போய்க் கொடுத்தேன். மூடி முடிக்கிற வரைக்கும் கூடவே நின்னேன். ஆறு பேரும் அங்கதான்."

சந்தைக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்த இடத்துலதான் திரும்பும். நவ்ரஸ் தலைக்கு மேலதான் நான் போய் வந்துட்டு இருந்திருக்கேன். அழுகை முட்டுச்சு, விழுங்கிட்டேன். வேலை பாக்கி இருந்துச்சு.

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். அஞ்சு பொம்பளைங்களும் எழுந்து நின்னாங்க.

"அபூ தாமிர், எங்க வீட்டுக் காப்பியை இவன் குடிச்சாச்சு. மத்த அஞ்சு பேரோட வீட்டுப் பொம்பளைங்க இவங்க. இவங்க வீட்டுக் காப்பியை இவன் இன்னும் குடிக்கல."

ஒரு வீட்டுக் காப்பி ஒரு வீட்டுக்குத்தான் பொறுப்பு. அதை அபூ தாமிருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அங்கியை இழுத்துப் போர்த்திக்கிட்டு, ஹைதம் பக்கத்துலேர்ந்து எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்னார். மத்த பெரியவங்களும் ஒவ்வொருத்தரா எழுந்தாங்க.

"அக்கா, நீங்க வாக்குக் குடுத்தீங்க"ன்னான் ஹைதம்.

"காப்பாத்தறேனே. நான் உன்னைத் தொட்டேனா?"

அஞ்சு பேர்ல வயசானவ உம்மு கினான். ஹைதம் பக்கத்துல போய் உட்கார்ந்தா. அறைவாளோன்னு நினைச்சேன், அறையல.

"என் மவன் கினான், அன்னிக்கு என்கூடச் சண்டை போட்டுட்டு வண்டி ஏறினான். கடைசியில அவன் என்னைக் கூப்பிட்டானாப்பா? நீதான் அங்க இருந்தியே."

ஹைதம் பெரியவங்களைப் பார்த்தான். ஒருத்தரும் இவனைப் பார்க்கல.

"கூப்பிட்டான்"னான்.

அவ தலையை ஆட்டிக்கிட்டா. வெளிய காத்துட்டிருந்த அவளோட மத்த பசங்க செருப்பைக் கழட்டாம உள்ள வந்தாங்க. நான் ஒதுங்கி வழி விட்டேன்.