கூடுதலாக ஒரு தோட்டா

மைத்துனனின் உயிருக்கு இரண்டு லட்சம் என்று போட்டிருந்தார்கள். காப்பீட்டுப் படிவத்தில் அதற்கு மேல் வரியில் கேமராவின் ஒரு லென்ஸ்: பதினோரு லட்சம். ஹீரோவின் உயிர் தனித்தாளில் இருந்தது; அந்தத் தொகையில் பூஜ்யங்கள் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தன.

"கையெழுத்துப் போடுங்க, துப்பாக்கிக்காரரே," என்றார் தயாரிப்பு நிர்வாகி. "ஆயுதத்துக்குப் பொறுப்பு நீங்கதானே."

போட்டார். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. இருபத்தெட்டு வருடமாக சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடுகிறவர், படப்பிடிப்பில் தன் மேசையை விட்டு அவ்வளவு நேரம் விலகியது அன்றைக்குத்தான்.

படம் தீவிரவாதத்தைப் பற்றியது. மைத்துனன், அவர் மனைவியின் தம்பி, அதில் தீவிரவாதி. முதலில் அவனுக்கு நாலு பக்க வசனம் இருந்தது: அணைக்காக ஊரைக் காலி செய்தது, அப்பா மனுவோடு அலைந்து அலைந்தே செத்தது, எல்லாம். ஆலோசகராக வந்த ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, "தீவிரவாதிக்கு எதுக்குய்யா காரணம்? காரணம் சொன்னா படம் வெளிய வராது" என்று அதை ஒரு பக்கமாக்கினார். டைரக்டர் அந்த ஒன்றையும் கிழித்துப் போட்டார். மிஞ்சியது, கையைத் தூக்கிக்கொண்டு மண்டியிடுவது. சரணடைந்தவனின் நெற்றியில் ஹீரோ ரிவால்வரை வைத்து அழுத்துவார். தியேட்டர் எழுந்து நின்று கைதட்டுமாம்.

ஆள் பொய்யாகப் பொய்யாக, துப்பாக்கி மட்டும் நிஜமாகிக்கொண்டே வந்தது. "ரிவால்வரை நேருக்கு நேரா காட்டப்போறேன். உள்ள குண்டு உட்கார்ந்திருக்கிறது தெரியணும்," என்றார் டைரக்டர். அதற்குத்தான் டம்மி தோட்டா. பார்வைக்கு அச்சு அசல். உள்ளே மருந்துக்குப் பதில் சின்ன இரும்பு மணி. காதருகே ஆட்டினால் கிலுகிலுக்கும். கிலுகிலுக்காதது நிஜம்.

காலையில் அவர் கொடுத்தது இருபத்துநாலு. ரிவால்வருக்கு ஆறு, தீவிரவாதியின் மேசைமேல் சிதறிக் கிடப்பதற்குப் பதினெட்டு.

திரும்பி வந்தபோது ரிவால்வர் மேசையில் இல்லை; அதற்கான ஆறு போக மிச்சத்தை எண்ணினார். பத்தொன்பது.

இன்னொரு முறை எண்ணினார். குறைந்திருந்தால் கவலையில்லை, எவனாவது ஞாபகத்துக்கு ஒன்றைப் பையில் போட்டிருப்பான், நாலு வார்த்தை திட்டி வாங்கிவிடலாம். சரக்கு கூடினால் எந்த வியாபாரியும் வாயைத் திறக்காமல் உள்ளே வைத்துக்கொள்வான். இவர் கலை இயக்குநரைக் கூப்பிட்டு, யார் எதைக் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டார்.

"ஆலோசகர் நிஜத் தோட்டா கொண்டுவந்தாரு," என்றார் கலை இயக்குநர், கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு. "கலர் ஒத்துப்போகுதான்னு பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். அப்புறம் எடுத்துக்கிட்டாரே."

ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டினார். பதினொன்று கிலுகிலுத்தன. பன்னிரண்டாவது பேசவில்லை. மிச்சம் ஏழும் கிலுகிலுத்தன.

"ரிவால்வர் எங்க?"

"உள்ள ஒத்திகை நடக்குது. நீங்க இல்லைன்னு உதவி டைரக்டரம்மாவே மேசையிலேருந்து ஆறு எடுத்துப் போட்டுக் குடுத்தாங்க."

ஓடினார். வாசலில் கால் தானாக நின்றது. மைத்துனன் மண்டியிட்டிருந்தான். நெற்றியில் குழல். ஹீரோவின் விரல் விசைமேல். கத்தினால் ஹீரோ திடுக்கிடுவார். திடுக்கிட்டால் விரல் சுருங்கும். துணிக்கடையில் பேரம் பேசுகிற குரலில் ஹீரோவிடம் சொன்னார்: "தம்பி, அப்படியே இருங்க. விரலை மட்டும் மெதுவா வெளிய எடுங்க. ம்ம். இப்ப என்கிட்ட குடுங்க."

ஹீரோ கொடுத்தார். இவர் திறந்தார். ஆறு. ஆட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, உள்ளங்கையில் கொட்டியபோதே அவை தாமாகக் கிலுகிலுத்தன. இருந்தாலும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்தார். ஆறும் டம்மி.

"அப்புறமென்ன, துப்பாக்கி சுத்தம்," என்றார் டைரக்டர். "போகலாமா?"

"ஆலோசகர் சார், தோட்டா வெச்சிருக்கிற டப்பாவத் திறங்க," என்றார் துப்பாக்கிக்காரர்.

மாத்திரை டப்பாவில் நாலு இருந்தது. "ஆறு கொண்டாந்தேனே," என்றார் ஆலோசகர். ஒன்று துப்பாக்கிக்காரர் கையில். இன்னொன்று?

எல்லோரும் பையைக் கவிழ்த்தார்கள். சாவி, சீப்பு, பாதி கடித்த பிஸ்கட், ஒப்பனைக்காரர் மறைத்து வைத்திருந்த ஹீரோவின் விக் எல்லாம் வந்தன. தோட்டா வரவில்லை.

"மாமா, மூணு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேஷம்," என்றான் மைத்துனன் மெதுவாக. "வசனம்தான் போச்சு. சாகறதையாவது ஒழுங்கா செஞ்சுட்டுப் போறேனே."

"பேசாம இரு மாப்ளே. உங்கக்கா கேட்டா என்ன சொல்ல, தம்பி ரொம்ப தத்ரூபமா செத்தான்னா?"

நாற்பது நிமிடம் கழித்து, கலை இயக்குநர் பித்தளை துடைத்த அழுக்குத் துணியின் மடிப்பிலிருந்து அது உருண்டு விழுந்தது. ஆட்டினார். சத்தமில்லை. அறை முழுக்க மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். டைரக்டர் விளக்கைப் போடச் சொன்னார். மைத்துனன் போய் மறுபடி மண்டியிட்டுக் கையைத் தூக்கினான்.

துப்பாக்கிக்காரர் பதிவேட்டைத் திறந்தார். "ஆறுதானே சார்? எண்ணித்தானே எடுத்துட்டு வந்தீங்க?"

ஆலோசகர் முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார். "டிராயர்ல கையவிட்டு அள்ளிப் போட்டதுய்யா. ஆறு இருக்கும்." டப்பாவை மூடிக்கொண்டே, "ஏழாவும் இருக்கலாம்."

மைத்துனனின் பார்வை ஹீரோவின் இடுப்பிலிருந்த இன்னொரு துப்பாக்கிக்குப் போயிற்று, அங்கிருந்து தன் தோளில் தொங்கிய நீளத் துப்பாக்கிக்கு, அங்கிருந்து மேசைக்கு. தூக்கிய கை இறங்கவில்லை. இப்போது அவன் நடிக்கவில்லை.

துப்பாக்கிக்காரர் ஒவ்வொரு ஆயுதமாக வாங்கி, திறந்து பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். டைரக்டர் என்னென்னவோ கத்திக்கொண்டிருந்தார். இவர் பெட்டிமேல் உட்கார்ந்து, மைத்துனனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துவிட்டு, எழுதினார்.

டம்மி: கொடுத்தது இருபத்துநாலு, திரும்பியது இருபத்துநாலு.

நிஜம்: கிடைத்தது ஆறு. உள்ளே வந்தது எத்தனை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்.