மாப்பிள்ளைக்கு விக்கல்

சபீதாவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள்: வாயைத் திறக்கக்கூடாது. மற்றதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வாப்பாவின் தங்கை காதர் பீவி விடியற்காலையிலேயே சொல்லிவிட்டாள். மணப்பெண் பேசினால் யோங் பெங் ஊர் முழுக்கப் பேசுமாம். சரியென்று அவளும் தலை நிறையப் பூவோடு, கூடத்தை இரண்டாகத் தடுத்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அது தானாகக் கிழிந்ததா, அவள் விரல் பட்டுக் கிழிந்ததா என்று நாம் கேட்க வேண்டாம்.

கிழிசல் வழியே மாப்பிள்ளை ருக்னுதீன் தெரிந்தான். சிங்கப்பூரிலிருந்து துணி மூட்டையோடு வரும்போதெல்லாம் அவள் வாப்பா அப்துல் ஹலீமின் சாப்பாட்டுக் கடையில்தான் சாப்பிடுவான். அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்று எட்டு மாதம் அவன் சிரிப்பைக் கேட்டவள் அவள். அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, ஏதோ பெரியவர்கள் சொல்கிறார்களே என்று தலையாட்டுவதாக நடிக்கத்தான் படாத பாடு பட்டாள்.

மலாய்க்காரரான காஜியார் ருக்னுதீனின் கையைப் பிடித்தார். ஹலீமின் மகளை உனக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று அவர் சொல்ல, ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கம் அது. நடுவில் மூச்சு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. காஜியார் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"சத்து நஃபாஸ்! ஒரே மூச்சு!"

"அக்கு தெரிமா... ஹிக்!" மலாயில் 'ஏற்றுக்கொண்டேன்' என்று தொடங்கிய மாப்பிள்ளைக்கு அங்கேயே மூச்சு அறுந்தது.

பயத்தில் ஒரே மடக்கில் குடித்த சர்பத் வேலையைக் காட்டிவிட்டது. இரண்டாவது தடவை, ஹிக். மூன்றாவது தடவை வாயைத் திறக்கும் முன்பே ஹிக். யாரோ சீனியை ஊட்டினார்கள். யாரோ முதுகில் குத்தினார்கள். ஏழு மிடறு தண்ணீர் குடிக்க வைத்ததில் விக்கலுக்குத் தெம்பு கூடியதுதான் மிச்சம். காஜியார் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஊரான சாஆவுக்குப் போகிற கடைசி பஸ் இன்னும் கால் மணி நேரத்தில். நாளை நோன்புப் பிறை. இன்றைக்கு நடக்காவிட்டால் பெருநாள் கழித்துத்தான்.

"யாரோ நினைக்கிறாங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து காதர் பீவி அறிவித்தாள். "நினைக்கிறவங்க பேரைச் சொன்னா விக்கல் நிக்கும். சொல்லிப் பாருங்க!"

சொன்னார்கள். அவன் உம்மா பேரை, ஊரிலிருந்த அக்காமார் மூவர் பேரை, செத்துப்போன சாச்சா பேரைக்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். ஹிக், ஹிக், ஹிக்.

"அலமாக்! யாரும் நினைக்கல மாமி," என்று எழுந்தார் சதாசிவம். பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர், ருக்னுதீனின் சிநேகிதர். மழைக்குக் கொண்டுவந்த கறுப்புக் குடை கையில் இருந்தது. "நெஞ்சுக்கூட்டுக்கு அடியில இந்தக் குடை மாதிரி ஒரு தசை இருக்கு. நுரையீரலுக்குச் சொந்தமா அசையத் தெரியாது லா. இந்தக் குடைதான் அதை இழுக்கணும்."

குடையைப் பாதி விரித்துக் காட்டினார். "மூச்சை விட்டாச்சு. குடை கூம்பி மேல ஏறி நிக்குது. இப்ப மூச்சை இழுக்கிறோம். குடை விரிஞ்சு தட்டையாகுது. நெஞ்சுக்குள்ள இடம் கூடுதா? வெளிக்காத்து மூக்குல நுழைஞ்சு, மூச்சுக்குழாய்ல இறங்கி, கிளை கிளையாப் பிரிஞ்சு, நுரையீரல்ல இருக்கிற குட்டிக் குட்டிப் பைகளை நிரப்புது. அங்கதான் ரத்தம் நல்ல காத்தை வாங்கிக்கிட்டுக் கெட்ட காத்தைக் கொடுக்குது."

குடையின் கொக்கி பழுது. அந்த நேரம் பார்த்து அது டப்பென்று தானாக விரிந்து, சாட்சி ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"இதான் விக்கல்!" டிரஸ்ஸருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குடை சொல்லாமக் கொள்ளாம இழுக்குது. காத்து உள்ள பாயுது. உடனே குரல்வளைக் கதவு பட்டுனு சாத்திக்குது. அந்தச் சத்தம்தான் ஹிக்! மூச்சை அடக்குங்க தம்பி. கெட்ட காத்து உள்ள சேரட்டும், குடை தானா அடங்கிடும்."

ருக்னுதீன் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினான். முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. அவன் கூட்டாளிகளில் ஒருவன் களுக்கென்று சிரிக்க, சிரிப்பு கூடம் முழுக்கப் பரவ, மாப்பிள்ளையின் மூச்சும் புஸ்ஸென்று சிரிப்பாக வெளியேறியது. பின்னாலேயே வந்தது ஹிக்.

காதர் பீவி சிரிக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டாள். "காக்கா, சொல்ல முடியாத பேரு ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல எவளோ நினைக்கிறா!"

சிரிப்பு நின்றது. அப்துல் ஹலீம் மெல்ல எழுந்தார். "நோன்பு கழியட்டும். அதுக்குள்ள விசாரிச்சுப் பாப்போம்."

காஜியார் பையை எடுத்தார். சபீதாவுக்குத் தெரியும். விசாரிப்பு என்று தொடங்கினால் இந்த ஊரில் ஒரு பேச்சு பத்தாகும், பத்து நூறாகும், கல்யாணம் காற்றோடு போகும். எவளோ நினைக்கிறாளாம்! எட்டு மாதமாக அடுப்பங்கரையில் குழம்பு அடிபிடிக்க அடிபிடிக்க இவனை நினைத்தது யார்? இத்தனை பேரைச் சொன்னார்களே, பொண்ணு, ஹலீம் மகள் என்றார்களே தவிர, அவள் பேரை ஒருவராவது சொன்னார்களா?

"சபீதா!" என்று கத்தினாள். கத்தியது தன் குரல்தான் என்பது அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. இனி என்ன, மீதியையும் சொல்லிவிட வேண்டியதுதான். "அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க! நான்தான் நினைச்சேன். காலையிலேருந்து நான்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்!"

காதர் பீவி திறந்த வாயை மூடவில்லை. கிழிசல் வழியே சபீதா பார்த்தாள். ருக்னுதீன் காற்றை உள்ளே இழுத்தவன் இழுத்தபடியே, விடாமல், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரஸ்ஸர் வாய்க்குள் எண்ணினார். பத்து. இருபது. முப்பது. விக்கல் வரவில்லை.

அவன் மூச்சை விட்டான். புதிதாக ஒன்று இழுத்தான். காஜியாரின் கையைத் தானே எட்டிப் பிடித்துக்கொண்டான். அவர் சொன்னார். அவன் ஒரே மூச்சில், அட்சரம் பிசகாமல், யாரும் கேட்காமலே அவள் பேரையும் சேர்த்துச் சொல்லி முடித்தான்.

"சாஹ்!" என்றார்கள் சாட்சிகள். செல்லும்! காஜியார் ஃபாத்திஹா ஓதி, சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

"அதிர்ச்சியில மூச்சு அடங்கிச்சு, குடை நின்னுச்சு," என்றார் டிரஸ்ஸர்.

"பேரைச் சொன்னோம், நின்னுச்சு," என்றாள் காதர் பீவி.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஹிக்!"

சபீதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே இன்னொன்று வந்தது. காதர் பீவி மறுபடியும் பேர்களைத் தொடங்க வாயெடுத்தாள். டிரஸ்ஸர் மறுபடியும் குடையைத் தூக்கினார்.

இருவருக்கும் முன்னால், திரையின் அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையே கத்தினான்:

"ருக்னுதீன்!"