முழங்கையிலிருந்து தரை வரை

1

இந்தக் கதை ஒரு வம்பிலிருந்து பிறந்தது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

என் சமையலறை ஜன்னலும் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குச் சந்து. ஜன்னல்களே பார்த்துக்கொள்ளும்போது நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டா பாத்திரம் தேய்க்க முடியும்?

போன வாரம் ஒரு மத்தியானம். எதிர்வீட்டுக்காரர் தன் சமையலறையில், மனைவிக்கு முன்னால், முட்டி போட்டு நின்றுகொண்டிருந்தார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மளிகைக்கடையில் சொன்னதும் அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அந்த மனிதர் செய்த தப்பு என்ன என்பதில் தெருவுக்குள் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. தப்பு செய்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பிறகு அவர் தப்பு எதுவும் செய்யவில்லை என்று மட்டும் தெரிந்தது. வாயடைத்துப் போனேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்பது புரியும். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

"காலைக் கதிரவன் அந்தச் சமையல் மேடைமீது தன் பொன்னிறக் கதிர்களை" — இல்லை. அந்தச் சமையலறைக்கு வெயிலே வராது. எங்கள் வீடு மறைக்கிறது.

"அவள் உயரத்தில் குறைந்தவள், ஆனால் அவள் மனமோ" — இதுவும் வேண்டாம். குள்ளமான ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுதுகிறவர்களுக்கு உடனே மனசு ஞாபகம் வந்துவிடுகிறது. அவளுக்கு மனசு எல்லாரையும் போலத்தான். தொந்தரவு தோள்பட்டையில்.

சரி, நேராகவே சொல்கிறேன். தெருவில் அவளுக்குச் சின்னக்கா என்று பெயர். வயதில் சின்னவள் என்பதால் வந்த பெயர் இல்லை என்று சொல்லவும் வேண்டுமா? அவள் கணவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அதற்கும் விளக்கம் வேண்டாம். அவர் தையல்காரர். முன்னறையில்தான் தையல் மெஷின். தெருவில் உள்ள எல்லார் அளவும் அவருக்கு மனப்பாடம். யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் சொல்லமாட்டார். அவர்மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் அதுதான்.

அந்த வீட்டைக் கட்டிய பழைய சொந்தக்காரர்கள் பனைமர வம்சம் போலிருக்கிறது. சமையல் மேடை சின்னக்காவின் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். அவள் தரையில் ஒரு பலகையைப் போட்டு* அதன்மேல் நின்றுதான் கிளறுவாள், நறுக்குவாள், இறக்குவாள். அப்படியும் தோளைத் தூக்காமல் முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். இப்போது வலது தோள் மக்கர் பண்ணுகிறது. அதனால் ராத்திரிச் சமையல் ஒட்டடைக்குச்சியின் பொறுப்பு. அவருக்கோ மேடை அளவெடுத்துச் செய்தது மாதிரி.

(*பலகை இல்லை, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி என்று சின்னக்கா திருத்தினாள். அவள் எப்படி இதைப் படித்தாள் என்பது பின்னால் வருகிறது.)

இந்த நிலையில் வீட்டைப் புதுப்பிக்கிற யோசனை வந்தது. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் அது எனக்கும் சேர்த்துத்தானே?

"சார், அடுத்த வாரம் வந்து பாக்குறேன். ஆனா ஒண்ணு. என்ன வேணும்னு வீட்ல பேசி முடிவு பண்ணி வைங்க. நான் வந்தப்புறம் ரெண்டு பேரும் சண்டை போட்டா நான் யார் பக்கம் நிக்கிறது? போன இடத்துல ஒரு கதவுக்காக அந்த வீட்டம்மா பொறந்த வீட்டுக்கே கிளம்பிட்டாங்க."

"எங்க வீட்ல அந்த மாதிரி எல்லாம் இல்ல தம்பி" என்றார் ஒட்டடைக்குச்சி.

அன்றைக்கே ஆரம்பித்தது.

3

இந்தச் சண்டையில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

"தரைக்கு டைல்ஸ், பாத்ரூமுக்குக் கதவு, முன்னறையில ஒரு தடுப்பு" என்று அவர் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"மேடையை இறக்கணும்" என்றாள் சின்னக்கா.

"மேடைக்கு என்ன? புதுக் கல்லு போட்டா போதும். பொதுவா எல்லாரும் வைக்கிற உயரம்தான் அது."

"பொதுவான்னா யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"அந்த எல்லார்ல நான் இருக்கேனா?"

"இதென்ன பேச்சு? இறக்கினா நான் எப்படி நின்னு சமைக்கிறது? பொழுதன்னைக்கும் மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகு என்ன கதியில இருக்குன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்கு வீட்டை வித்தாலும் எவன் வாங்குவான்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏங்க, கடையில வாங்கின சட்டையைப் போட்டுக்கிட்டு யாராவது வந்தா என்ன சொல்லுவீங்க?"

தெருவுக்கே தெரியும் அவர் என்ன சொல்வார் என்று. 'சட்டை போட்டிருக்கியா, இல்ல சட்டை உன்னைப் போட்டிருக்கா?' என்பார். என் தம்பியைக்கூட ஒருதரம் கேட்டிருக்கிறார்.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு சட்டை தைச்சிருக்கீங்களா நீங்க, எப்பவாவது?"

மெஷின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது. எதிர்வீட்டுக்காரராக இல்லை, கதாபாத்திரமாக. அடுத்த நாள் அவர் முட்டி போட வேண்டும். ஒரு ஆள் எதனால் திடீரென்று முட்டி போடுவான்? "அன்றிரவு அவர் உறங்கவில்லை. அவர் உள்ளத்தில் ஓர் எரிமலை" — அவர் குறட்டை எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் கேட்டது. எரிமலையை அடித்துவிட்டேன். காரணம் தெரியாமலே அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

4

போக முடியவில்லை. இதுவரை எழுதிய தாள்கள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தன. வாங்கிப்போன குக்கரைத் திருப்பிக் கொடுக்கச் சின்னக்கா வந்தாள். நான் தேநீர் போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் அவள் மூன்றாம் பகுதியில் இருக்கிறாள்.

"ஒட்டடைக்குச்சின்னு எழுதியிருக்கே?"

"தெருவே சொல்லுது."

"தெருவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? சரி, அது கிடக்கட்டும். அவரை முட்டி போட வச்சேன்னு ஊரெல்லாம் சொன்னது நீதானே?"

"ஊரெல்லாம் இல்ல. கடை வரைக்கும்தான்."

"நல்லவேளை, கடையில மைக் இல்ல." தேநீரை வாங்கிக்கொண்டாள். "எழுதுறதுன்னா ஒழுங்கா எழுது. நான் அழுதேன் கிழுதேன்னு போட்டே, கை நீட்டிடுவேன்."

அதன் பிறகு அவள் சொன்னதுதான் இது. ஜன்னல் வழியாக நான் பார்த்ததற்கு இப்போதுதான் சத்தம் சேர்கிறது.

அவர் கழுத்தில் தொங்கிய டேப்போடு சமையலறைக்கு வந்தார்.

"நேரா நில்லு. அளவெடுக்கணும்."

"என் அளவு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும். தோள், கை, இடுப்பு, கழுத்து இறக்கம் எல்லாம் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை எடுத்ததோடு சரி. அதன்பின் எல்லா ரவிக்கையும் கண் அளவுதான். உடம்பு மாற மாற அவர் கண்ணும் மாறிக்கொண்டே வந்தது. ஒன்றுகூடப் பிடித்ததில்லை, ஒன்றுகூடத் தொளதொளத்ததில்லை.

"இது தெரியாது" என்றார் அவர்.

அவள் முழங்கையை மடக்கச் சொன்னார். டேப்பின் நுனியை முழங்கையில் வைத்து, நேராகக் கீழே தரைவரை விட்டுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

யோசித்துப் பாருங்கள். முழங்கையிலிருந்து தரை வரை. எந்தச் சட்டைக்கும் அந்த அளவு வேண்டாம். ரவிக்கைக்கு வேண்டாம், பாவாடைக்கு வேண்டாம். ஒரு தையல்காரர் தன் மனைவியை ஆயுசு முழுக்க அளந்துகொண்டே இருந்தாலும் அந்த இடத்துக்கு டேப் போகவே போகாது. அது உடுப்புக்கான அளவு இல்லை, நிற்பதற்கான அளவு.

பிறகு தன் முழங்கையை அளந்தார். பிறகுதான் முட்டி போட்டார்.

முட்டி போட்டதும் அவர் அவளைவிடக் கொஞ்சம் கட்டையாகிவிட்டார். "துணி கொண்டா" என்றார். அவள் வெட்டுத்துணி மூட்டையைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு மடிப்பாக முட்டிக்கு அடியில் வைத்து வைத்து, அவர் முழங்கையும் அவள் முழங்கையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஏறினார். தொழில்காரர் இல்லையா? உத்தேசமாக விடமாட்டார்.

"கத்தியைக் கொடு."

வெங்காயம் நறுக்கினார். தோள் காதுவரை ஏறிக்கொண்டது. முழங்கை பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றது, பறக்கப் பார்க்கிற கோழியின் இறக்கை மாதிரி. அடுப்பில் இருந்த பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, ஆவி மட்டும் முகத்தில் அடித்தது. மேல் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். உப்பு ஜாடி ஏதோ மலை உச்சியில் இருக்கிற மாதிரி இருந்ததாம். தினமும் ராத்திரி அதை அங்கே வைக்கிறவர் அவர்தான்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை நாளா நீ இங்கதான் நின்னியா?" என்றார்.

"இல்ல, பெட்டி மேல நின்னேன்."

"உடனே சிரிச்சியா?" என்று நான் கேட்டேன்.

"சிரிக்கலை. அவர் முகம் என் முகத்துக்கு நேரா இருந்துச்சு. நின்னுக்கிட்டு அப்படிப் பார்த்ததே இல்ல. அவருக்கு மூக்கு லேசா கோணல், தெரியுமா உனக்கு? எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அவர் அழுதாரா?"

சின்னக்கா தேநீர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "வெங்காயம் நறுக்கினா யாருதான் அழமாட்டாங்க?"

5

அவள் போன பிறகு நான் என் சமையலறையின் நடுவில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

சுவிட்ச் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது? தாழ்ப்பாள்? குழாய்? முகம் பார்க்கிற கண்ணாடி? யாரோ ஒருவர், எங்கேயோ நின்று, இவ்வளவு போதும் என்று கை காட்டியிருக்கிறார். அவர் முழங்கை எங்கே இருந்தது, அவருக்குக் கழுத்து வலி உண்டா, எனக்குத் தெரியாது. ஆனால் நான் தினமும் அவருக்காகக் குனிகிறேன், அவருக்காக எட்டுகிறேன். இடுப்பு வலியை வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கிற தொட்டி தாழ்வு. அவ்வளவுதான்.

ஒரு வீடு முழுக்க இப்படி முகம் தெரியாத ஒருவருடைய உடம்பு நிற்கிறது. நாம் அதற்குள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு, அதற்குக் குடித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த ஆளின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திகைப்புதான் வந்தது. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் போய்ச் சொல்லத் தோன்றவில்லை.

6

இத்தோடு கதையை முடித்திருப்பேன். முட்டி போட்டார், புரிந்துகொண்டார், சுபம். ஆனால் முழங்கைகள் சமாதானமாகவில்லை. அவள் உயரத்துக்கு மேடை வந்தால் அவர் முதுகு போகும். அவர் உயரத்தில் விட்டால் அவள் தோள் போகும். கல் ஒரு தரம் பதித்தால் பதித்ததுதான், இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை மாற்றப்போவதில்லை.

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன்.

மேடையை இரண்டு உயரமாகப் பிரிக்கலாம். ஆனால் அந்தச் சமையலறையை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பும் தொட்டியும் வைத்தால் மிச்சமிருப்பது ஒரு தட்டு வைக்கிற இடம். அடுப்போ ஒன்றுதான்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து சமைக்கலாமே? வாசகர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பீர்கள். விடிந்தால் உட்காருகிற மனிதர் அவர். நாள் முழுக்க அவர் முதுகு நிமிர்வது அடுப்புக்கு முன்னால் மட்டும்தான்.

அவருக்காக அவள் உயர்த்திச் சொல்ல, அவளுக்காக அவர் தாழ்த்திச் சொல்ல, கண்கள் பனிக்க — படிக்க அழகாக இருக்கும். மேடை இரண்டு பேருக்கும் உதவாமல் நடுவில் நிற்கும்.

ஆக, என் கையில் முடிவு இல்லை. அவர்கள் கையிலும் நேற்றுவரை இல்லை. "உன் அளவுக்கே வச்சிடலாம்" என்று அவர் சொல்வதும், "அப்புறம் ராத்திரிக்கு யாரு சமைப்பா, உங்க முதுகா?" என்று அவள் கேட்பதும் நேற்று சாயங்காலம்கூடக் கேட்டது.

7

இதை நின்றபடி எழுதுகிறேன். கான்ட்ராக்டர் வந்துவிட்டார். குண்டான ஆள், இடுப்பு பெல்ட்டில் இரும்பு டேப். டைல்ஸ் பேசியாயிற்று. பாத்ரூம் கதவு பேசியாயிற்று. மூன்று பேரும் சமையலறைக்குள் வந்திருக்கிறார்கள்.

"மேடை என்ன சார், வழக்கமா வைக்கிற உயரமே வச்சிடலாமா?"

ஒட்டடைக்குச்சி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவங்களைக் கேளுங்க தம்பி. அவங்க சொல்றதுதான்."

"சொல்லுங்கம்மா. எவ்வளவு?"

"எவ்வளவுன்னு சொல்லத் தெரியாது" என்றாள் சின்னக்கா. "காட்டுறேன்."

அவள் பெட்டியிலிருந்து இறங்கித் தரையில் நின்றாள். ஒருமுறை கணவரைப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை, துணி தைக்க வந்தவர்களை அவர் பார்ப்பாரே, அந்த மாதிரி. வலது கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து கான்ட்ராக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் முதுகு ஜன்னலை அடைத்துக்கொண்டது.

எனக்குத் தெரிவது இரண்டு தலைகள் மட்டும். கான்ட்ராக்டரின் தலை குனிகிறது. அதற்கு மேலே ஒட்டடைக்குச்சியின் தலையும் மெதுவாகக் குனிகிறது. ஏதோ குழந்தை பிறந்திருக்கிற இடத்தில் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள்.

"இங்கயாம்மா? நல்லா யோசிச்சுக்கோங்க. கல்லு போட்டா போட்டதுதான்."

தலைகள் நகரவில்லை. அப்படியென்றால் கையும் நகரவில்லை.

பக்கத்து ஜன்னலுக்கு ஓடினால் தெரியும். ஸ்டூலில் ஏறினால் தெரியும். ஏறுவேன் என்றுதான் நினைத்தேன். கால் வரவில்லை.

அதனால் நீங்கள் எழுந்து நில்லுங்கள். சும்மா படித்துக்கொண்டிருந்தால் ஆகாது, எழுந்திருங்கள். உங்கள் முழங்கையை மடக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் உங்களோடு மாறி மாறி நிற்பவரையும் ஒரு தடவை தலையிலிருந்து கால்வரை பாருங்கள். பார்த்துவிட்டு, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி கையை நீட்டுங்கள்.

எங்கே நிறுத்தினீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அசைக்காமல் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் டேப்பை உருவுகிறார்.