ஓர் உயிர்கூடப் போகவில்லை

தீவின் வரலாற்றைப் படகுத்துறையில் பெரிய பலகையாக எழுதி வைக்க ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. வேலை தீவின் ஒரே பெயின்டரிடம் வந்தது. முதலில் குடியேறிய ஏழு குடும்பங்கள், பள்ளிக்கூடம், மோட்டார் படகு என்று உற்சாகமாக எழுதிக்கொண்டே வந்தவர், கடைசி வரியைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். ‘பெருவெள்ளத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை’ என்றிருந்தது.

அந்த வெள்ளத்தில்தான் அவருடைய அக்கா போனாள். சங்கத் தலைவரின் அம்மாவை இடுப்பளவுத் தண்ணீரில் சுமந்து வந்து படகில் ஏற்றினாள். அவள் ஏறத்தான் இடமில்லை. படகு திரும்பி வந்தபோது அவளைக் காணவில்லை.

“தலைவரே, எங்க அக்காவ மறந்துட்டீங்களா?”

“மறப்பேனா? ஆனா அவங்களத்தான் அக்கரையில கட்டிக் கொடுத்தாச்சே. விருந்தாளியா வந்தவங்கள எப்படிப்பா ஊர் ஆளா சேர்க்கிறது?”

பெயின்டர் வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி, “நாளைக்கே ஒரு ஆத்திர அவசரம்னா சங்கத்துப் படகுலதான ஏறணும்? எழுதிட்டு வந்துடுங்க” என்றாள்.

போய் எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருப்பதாகத் தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அக்காவின் கணவர் வருடத்துக்கு ஒருமுறை அவர்களைப் பார்க்க வருவார். இந்த முறை பெயின்டர் ஓர் ஓடத்தை இரவல் வாங்கிப் போய், அவரைத் தீவின் பின்பக்கமாகக் கூட்டிவந்து முழங்கால் சேற்றில் இறக்கினார்.

“துறைக்கு என்ன ஆச்சு மாப்ள?” என்று கேட்டார் அவர்.

“ரிப்பேரு மச்சான்” என்றார் பெயின்டர்.